மூடினால் ஊதும் சங்கு

என் வாழ்க்கையில் இதுவரை ஒரே ஒருவரைத்தான் கொன்றிருக்கிறேன். அவர் அதற்குப் பிறகும் ஆறு வருடம் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டு இருந்தார். கொலைக்கு நான் பயன்படுத்திய ஆயுதம் ஒரு கொள்கை. அந்தக் கொள்கையை விளக்காமல் கதைக்குள் போக முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். (என் வீட்டில் யாரும் பொறுத்துக்கொள்வதில்லை. இந்த இடம் வந்ததும் எழுந்து காபி போடப் போய்விடுவார்கள்.)

கம்ப்யூட்டருக்குள் கெர்னல் என்று ஒன்று உண்டு. கல்யாண மண்டபத்தில் சாமான் அறைச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒருவர் நிற்பாரே, ஏறக்குறைய அவர்தான் அது. பிரிண்டர் வேண்டுமா, ஃபைல் வேண்டுமா, எந்த புரோகிராமும் அவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அவரிடமே ஒப்படைக்க வேண்டும். இந்தச் சாவிக்காரர் அண்டாவுக்கு ஒரு நோட்டு, ஜமுக்காளத்துக்கு ஒரு நோட்டு என்று தனித்தனியாக வைத்திருக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் ஒரே நோட்டு போதுமா என்பது உலகத்துப் பெரிய மூளைகள் எல்லாம் மோதிக்கொண்டிருந்த கேள்வி. ஒரே நோட்டு போதும் என்பது என் கட்சி.

தொண்ணூறுகளின் தொடக்கம். எம்.சி.ஏ. முடித்திருந்தேன். கல்லூரி நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் இதைப் பற்றிய கட்டுரையைப் படித்து, அதில் பாதி புரிந்தும் இருந்தது. ஒருவரை முழு நம்பிக்கையாளராக மாற்ற பாதி புரிதல் தாராளம். உலகத்தில் இருப்பதெல்லாம் ‘ஆப்ஜெக்ட்’. எல்லா ஆப்ஜெக்டுக்கும் ஒரே பட்டியல், ஒரே ‘ஓப்பன்’, ஒரே ‘க்ளோஸ்’. ஒவ்வொன்றையும் எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கெர்னல் எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை பூஜ்யமானால் அதை மூடி, பட்டியலிலிருந்து நீக்கிவிடும். யாருக்கும் வேண்டாததை வைத்துக் காப்பாற்றுவானேன்? இதைவிட அழகான ஏற்பாட்டைக் கடவுள்கூடச் செய்யவில்லை என்று அப்போது நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறேன்.

கோயமுத்தூரை ஒட்டிய சரவணம்பட்டியில் அன்று இருந்தவை சோளக்காடும் நாங்களும்தான். மோட்டார் வைண்டிங் கடைக்கு மேலே ஒரு மாடி அறை, அதில் ஐந்து பேர் கொண்ட கம்பெனி. துடியலூர் தாண்டி இருந்த ஒரு நூற்பு மில்லுக்கு, எந்த மிஷின் ஓடுகிறது, எது நிற்கிறது, யார் வேலைக்கு வந்தார் என்பதையெல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் கொண்டுவரும் வேலை எங்களுக்குக் கிடைத்திருந்தது. அதற்கான குட்டிக் கெர்னலை நாங்களே எழுதினோம். அதாவது நான் எழுதினேன். மிஷின்களையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் பகுதியை எழுதியவர் சண்முகம். பொள்ளாச்சிக்காரர், அதிர்ந்து பேசாதவர், என் கட்சிக்கு எதிர்க்கட்சி.

“ஏனுங்க அம்மணி, ஃபைலு வேற, மிசினு வேற. எல்லாத்தையும் ஒட்டுக்கா ஒரே சாக்குல போட்டுக் கட்டறீங்களே, அவுக்கறப்ப தெரியுமுங்க” என்பார்.

“கெர்னலுக்கு எல்லாம் ஒண்ணுதாங்க.”

“மனுசங்க பேரையும் அதே பட்டியல்லதான் போட்டிருக்கறீங்க.”

“அதுக்கென்னங்க? கெர்னலுக்குத் திணை கிடையாது.”

இந்த வாக்கியத்தை ஒரு வெள்ளைத்தாளில் பெரிதாக எழுதி என் மேஜைக்கு மேலே ஒட்டியும் வைத்திருந்தேன். உயர்திணை, அஃறிணை என்று பள்ளிக்கூடத்தில் படித்த பிரிவினைகளையெல்லாம் ஒரே நோட்டில் ஒழித்துவிட்ட பெருமிதம். எங்கள் முதலாளி கோவிந்தராஜ் சாருக்கு எங்கள் இரண்டு பேரில் யார் சொன்னதும் புரியவில்லை. நான் அதிகமாகப் பேசியதால் என் பக்கம் தீர்ப்பு சொன்னார்.

எனக்கு இந்த வேலை வெறும் கொள்கை விஷயம் மட்டும் இல்லை. அப்பா அந்தியூரிலிருந்து ஒரு ஜாதகம் வாங்கி வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டில் குதிரை வளர்த்தார்கள், சந்தைக்குக் கொண்டுபோய்ப் பரிசெல்லாம் வாங்கியிருந்தார்கள். மாப்பிள்ளையைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்ததைவிடக் குதிரையைப் பற்றி அதிகம் தெரிந்திருந்தது. ‘மில் வேலையை முடிச்சுக் காட்டு, வேலைக்குப் போறதப் பத்தி நான் பேசறதில்ல. முடியலீன்னா அந்தியூர்க்காரங்களுக்கு லெட்டர் போட்டுருவேன்’ என்பது ஒப்பந்தம். கல்யாணம் ஆனால் வேலை கிடையாது என்று அந்தியூர்க்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஆகவே அந்த மில்லில் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடினால் நான் கம்ப்யூட்டரோடு இருக்கலாம், ஓடாவிட்டால் குதிரையோடு.

மில்லில் இரண்டு முதலாளிகள். பெரிய முதலாளிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. மில்லைக் கட்டியவர் அவர். இப்போது நிர்வாகமெல்லாம் மகன் கையில், அவர் சின்ன முதலாளி. கம்ப்யூட்டருக்கு ஏ.சி. ரூம் வேண்டும் என்று நாங்கள் கேட்டதும், ஏ.சி. இருந்த ஒரே அறையைச் சின்ன முதலாளி கொடுத்துவிட்டார். அது பெரிய முதலாளியின் அறை. அவருடைய மேஜையைத் தூக்கி வராந்தாவில் போட்டார்கள். அவரும் அங்கேயே மாறிக்கொண்டார். தினமும் காலையில் வந்து வராந்தாவிலேயே உட்கார்ந்து, திறந்து மூடும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் உள்ளே போகும்போது, “வாங்க அம்மணி, நல்லா இருக்கறீங்ளா? உள்ள குளுகுளுன்னு இருக்குதுங்ளா?” என்று விசாரிப்பார். அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று யோசிக்க எனக்கு அப்போது நேரமில்லை.

மில்லின் சங்கையும் கம்ப்யூட்டரோடு இணைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மில் சங்கு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஷிப்டு மணி, அவ்வளவுதான். அந்த ஊருக்கு அதுதான் கடிகாரம். அதைக் கேட்டுத்தான் உலை வைப்பார்கள், மாட்டுக்குத் தண்ணி காட்டுவார்கள், ஸ்கூலில் மணி அடிப்பார்கள். நேரங்கெட்ட நேரத்தில் அது ஊதினால் இரண்டே அர்த்தம். ஒன்று, பஞ்சு குடோனில் தீ. புகை தெரியவில்லை என்றால், முதலாளி வீட்டில் சாவு. இந்தக் காரணத்தால் எல்லாவற்றையும் நான்கு தடவை சோதித்துப் பார்த்த நாங்கள், சங்கை மட்டும் ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை.

இணைப்பு வேலையின்போது சண்முகம் ஒரு சந்தேகம் கேட்டார். “சங்குக்குக் கரண்ட் குடுக்கறதுக்கு ஒரு ரிலே வெச்சிருக்கறேனுங்க. உங்க கெர்னலு அதுக்கு ‘க்ளோஸ்’னு சொன்னா என்னோட ரிலே என்ன பண்ணோணும்?”

“க்ளோஸ்னா க்ளோஸ்தாங்க. எல்லா ஆப்ஜெக்டுக்கும் ஒரே க்ளோஸ். அதான் இதோட அழகே.”

“நெசமாலும் க்ளோஸ் பண்ணிப்போடட்டுங்ளா?”

“பண்ணிப்போடுங்க.”

அவரும் சொன்னபடி செய்தார். ஃபைலை க்ளோஸ் செய்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். கரண்ட் வேலை செய்கிறவர்கள் பாஷையில் க்ளோஸ் என்றால் இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டது, கரண்ட் பாய்கிறது, வேலை ஆரம்பம் என்று அர்த்தம். கோயமுத்தூரில் வைண்டிங் கடைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வருடம் இருப்பதற்கு எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

துவக்க விழா நாள் வந்தது. பத்து மணிக்கு மேல் நல்ல நேரம். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். பிரிண்டருக்கு ஒரு முழம் மல்லிகைப்பூ. (அது பேப்பரில் சிக்காமல் இருக்க நான் பட்ட பாடு தனி.) விளக்கேற்றும் நேரத்தில் சின்ன முதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“அம்மணி, சங்கு ஊதச் சொல்லற அதிகாரத்துல எங்கய்யன் பேரு இருக்குதாமா. அத எடுத்துப்போட்டு எம்பேர போட்டுருங்க. அவுரு எங்க இனி இதெல்லாம் பாக்கப் போறாரு.”

முப்பது வினாடி வேலை. அவர் பெயரை எடுத்தேன், இவர் பெயரைப் போட்டேன். எங்கள் சிஸ்டத்தில் பெரிய முதலாளியின் பெயரைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரே ஒரு இடம்தான் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

பெரிய முதலாளியை அழைத்துவந்து, தன் பழைய அறையிலேயே விருந்தாளியாக நிற்க வைத்து, ஒரு பட்டனை அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினார். பிரிண்டர் கரகரவென்று ஓட ஆரம்பித்தது. எல்லாம் தமிழில் வர வேண்டும் என்பது மில்லின் நிபந்தனை. ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாகச் சண்முகம் வரைந்திருந்தார், வாக்கியங்கள் என்னுடையவை. வருவதை வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் பழனிசாமி சத்தமாகப் படிக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஷிப்டுக்கு ஆள் கூப்பிட்டுப் பழகிய குரல் அவருக்கு.

“மூணாம் நெம்பர் மிசின்: ஓடுகிறது!” என்றார் பழனிசாமி. கைதட்டினார்கள்.

“ஏழாம் நெம்பர் மிசின்: ஓடுகிறது!” மறுபடி கைதட்டினார்கள்.

“பெரிய முதலாளி,” என்று ஆரம்பித்தவர், பேப்பர் மேலே வருவதற்காகக் கொஞ்சம் காத்திருந்தார். எல்லோரும் சிரித்த முகத்தோடு பெரியவரைப் பார்த்தார்கள். “பெரிய முதலாளி: பயன்படுத்துவோர் எண்ணிக்கை பூஜ்யம். இது யாருக்கும் தேவைப்படவில்லை. நீக்கப்பட்டது!”

படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று பழனிசாமிக்குத் தெரிந்தது. அவர் பேப்பரைப் பார்த்தார், கோவிந்தராஜ் சார் என்னைப் பார்த்தார், நான் குத்துவிளக்கைப் பார்த்தேன். சின்ன முதலாளியின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது.

முதலில் பேசியது பெரிய முதலாளிதான். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “நீக்கிப்போட்டீங்க, செரிங்க. ‘நீக்கப்பட்டது’ன்னு போட்டிருக்குதுங்ளே அம்மணி. நான் என்ன பெஞ்சுங்ளா?”

தன் வீட்டு நாய்க்குட்டியைக்கூட ‘வாங்க சாமி’ என்று கூப்பிடும் சீமையில், ஒரு மில்லைக் கட்டிய மனிதரை ‘அது’ என்று அச்சடித்துக் கொடுத்திருந்தேன். கெர்னலுக்குத் திணை கிடையாது. நான் வாயைத் திறப்பதற்குள் பிரிண்டர் இன்னொரு வரியை அடித்தது. இந்தத் தடவை யாரும் சத்தமாகப் படிக்கவில்லை. ‘பெரிய முதலாளிக்கு உரிய பொருள்: சங்கு. மூடப்பட்டது.’

சங்கைப் பெரிய முதலாளி காலத்தில் வாங்கியது என்று பழனிசாமி சொல்லியிருந்ததால் அவர் பெயருக்குக் கீழே நான் சேர்த்திருந்தேன். ஆள் போனால் அவருடைய பொருளையும் மூடிவிடுவது கெர்னலின் வழக்கம். மூடியது. சங்கு ஊத ஆரம்பித்தது.

அது சாதாரண சத்தம் இல்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் கீ போர்டுக்கு ஓடிப்போய்ச் சங்கை நிறுத்தும்படி கட்டளை கொடுத்தேன். ‘சங்கு: அப்படி ஒரு பொருள் இல்லை’ என்று பணிவாகப் பதில் வந்தது. மறுபடியும் அடித்தேன். அப்படி ஒரு பொருள் இல்லை. இல்லாத அந்தப் பொருள் எட்டு ஊருக்குக் கேட்கும்படி ஊதிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரையே அணைத்தேன். ஒட்டிய ரிலே ஒட்டியபடியே நின்றது. சண்முகம் செருப்பைக் கழற்றிவிட்டு மாடிப்படி ஏறி ஓடினார். அவர் போய் மெயின் போர்டில் பியூஸ் கட்டையைப் பிடுங்குவதற்குப் பதினோரு நிமிடம் ஆனது.

பதினோரு நிமிடம் தேவையே இல்லை. முதல் நிமிடத்திலேயே மிஷின்களை நிறுத்திவிட்டுத் தொழிலாளிகள் தலையில் பஞ்சோடு வெளியே வந்துவிட்டார்கள். புகை இருக்கிறதா என்று வானத்தைப் பார்த்தார்கள், இல்லை. கதவிடுக்கில் எட்டிப் பார்த்த யாரோ ஒருவர் பழனிசாமி படித்ததைக் கேட்டிருந்தார். அது கேட்டைத் தாண்டும்போது ‘பெரிய மொதலாளிய எடுத்தாச்சாமா’ என்று ஆகியிருந்தது. பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதும் சேர்ந்திருந்தது. டீக்கடை பாதி ஷட்டரை இறக்கியது. ஸ்கூல் விட்டார்கள். அரை மணி நேரத்தில் மில் கேட்டுக்கு வெளியே கூட்டம். மாலையோடு வந்தவர்களே இருபது பேர் இருப்பார்கள். ஒருவர் பறைக்குச் சொல்லி அனுப்பிவிட்டுத்தான் வந்திருந்தார்.

அதற்குள் தன் வழக்கமான இடத்துக்குத் திரும்பியிருந்த பெரிய முதலாளி வராந்தாவிலிருந்து எழுந்து கேட்டுக்குப் போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். கூட்டத்துக்கு முன்னால் அழுதுகொண்டே வந்தவர் அவருடைய பங்காளி. கிணற்றுப் பாத்தியத் தகராறில் பன்னிரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். “அண்ணா, எங்கள உட்டுப்போட்டுப் போயிட்டியா!” என்று கத்தியபடி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவர், எதிரில் அண்ணன் காபி டம்ளரோடு நிற்பதைப் பார்த்தார். அழுகையை எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் அழுதார்.

“அட, பன்னெண்டு வருசமா வராதவன் வந்துபோட்டான். வாடா. பழனிசாமி, நாற்காலி போடு. வந்தவங்களுக்கெல்லாம் காப்பி சொல்லு. அப்பறம், எத்தன பேருன்னு எண்ணு.”

“எதுக்குங்க?”

“எண்ணு சொல்றேன்.”

அவர் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தன் சாவுக்கு வந்தவர்களை ஒவ்வொருவராக வரவேற்றார். யார் நிஜமாகவே அழுதது, யார் கண்ணைத் தேய்த்துக்கொண்டது என்பதையெல்லாம் அவர் கவனித்தது எனக்குத் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமான ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. சின்ன முதலாளி மட்டும் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அந்தப் பிரிண்டர் காகிதத்தைச் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தார். மடிக்க மடிக்க அவர் கண் கலங்கியதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கூட்டம் கலைந்ததும் பெரிய முதலாளி என்னைக் கூப்பிட்டார். வேலை போயிற்று, அந்தியூர்தான் என்று தீர்மானித்துக்கொண்டே போனேன்.

“அம்மணி, உங்க மிசின்ல சைபருன்னு போட்டுதுங்ளே. பழனிசாமி எண்ணியிருக்கறான். முந்நூத்திப் பன்னெண்டு. திருத்திப்போடுங்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்காமல் மகனிடம் திரும்பினார். சங்குக்கு இனிமேல் தனியாக ஒரு கை சுவிட்சு இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் டைம் ஆபீசுக்குப் போக வேண்டும், அவர் மேஜை உள்ளே வர வேண்டும். “அப்பறம் சங்கு இருக்கற வரைக்கும் இந்த அம்மணிதான் அதுக்குப் பொறுப்பு. வேற ஆரும் தொடப்படாது. கொன்னவங்களுக்குத்தான் பொழைக்க வெக்கத் தெரியும்” என்றார்.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போவதற்குள் பஸ் கண்டக்டர் வழியாக அப்பாவுக்குக் கதை முழுவதும் வந்து சேர்ந்திருந்தது. வேலை நிலைத்தது, ஆகவே அவர் லெட்டர் போடவில்லை. போட்டிருந்தாலும் பயனில்லை. ‘இருக்கற ஆளையே இல்லீன்னு எழுதற புள்ள, மாமனாரு மாமியார என்னன்னு எழுதுமோ’ என்று அந்தியூர்க்காரர்களே ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வருடச் சந்தையிலும் அவர்கள் குதிரை பரிசு வாங்கியதாகக் கேள்விப்பட்டேன். (சண்முகத்தைக் கல்யாணம் செய்துகொண்டேனா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. அவர் பெங்களூர் போய்விட்டார். போகும்போது என் மேஜைக்கு மேலே இருந்த தாளை மட்டும் ஞாபகார்த்தமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.)

கெர்னலுக்கு ஒரே நோட்டு போதுமா என்ற கேள்விக்கு வருவோம். போதும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், நோட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு எதை மூடினால் எது ஊதும் என்று தெரிந்திருக்கும் பட்சத்தில். என் வீட்டில் இந்தத் தத்துவமெல்லாம் எடுபடாது. ‘அந்தக் கதவை மூடு’ என்று நான் சொன்னால் என் மகள் எழுந்திருக்காமலே கேட்பாள், “ஃபைல் மாதிரியா, சங்கு மாதிரியா?” அவளுக்கு அப்பாவும் கூட்டு.

அந்த விழாவுக்கு ஆறு வருடம் கழித்து ஒரு நாள் காலையில் போன் வந்தது. சின்ன முதலாளி.

“ஏனுங்க அம்மணி, அய்யன் தவறிட்டாருங்க. தூக்கத்துலயே.”

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் இன்னும் பேசி முடித்திருக்கவில்லை.

“சங்கு ஊதி அரை மணி நேரமாச்சுங்க. ஒருத்தரும் வர மாட்டீங்கறாங்க. ‘அந்தம்மணி மறுக்காவும் எதையோ மூடிப்போட்டாங்களாட்ட இருக்குது’ன்னு டீக்கடையில உக்காந்து சிரிச்சிட்டிருக்கறாங்களாமா. நான் சொன்னாலும் நம்ப மாட்டீங்கறாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லோணுமுங்க.”

போனேன். டீக்கடை முன்னால் இருபது முப்பது பேர் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர், “என்ன அம்மணி, இன்னிக்கு எத மூடினீங்க?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பங்காளியும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

“இந்தத் தடவ நெசந்தானுங்க” என்றேன்.

என் முகத்தைப் பார்த்து முதலில் எழுந்தது அவர்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பெரிய முதலாளியின் வீட்டுப் பக்கம் நடந்தார். பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். டீக்கடை ஷட்டரை முழுதாக இறக்கியது.

வீட்டு வாசலில் டைம் ஆபீஸ் பழனிசாமி நின்றிருந்தார். யாரும் சொல்லாமலே உள்ளே போகிறவர்களை விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டைத் தாண்டியதும், “போதுமுங்க” என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.